பத்தாயிரம் கேம், எட்டாயிரத்து ஐந்நூறு ரூபா

இந்தச் சாமானை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் அத்தனை பேரும் என் வயதுக்காரர். "பிள்ளைக்கு வாங்கிக் குடுப்பம் எண்டு பாக்கிறன் ரீச்சர்" என்றுதான் தொடங்குவார்கள். இரண்டு நிமிடம் கதைத்தால் பிள்ளைக்கு இல்லை என்பது தெரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது. ஆகவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

சாமான் இதுதான்: விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குச்சி. ரிவியின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளையில் செருகுவது. அதோடு வயர் இல்லாத இரண்டு கொன்ட்ரோலர், அவற்றின் சிக்னலைப் பிடிக்க நகமளவில் ஒரு யூஎஸ்பி, கரண்டுக்கு ஒரு வயர், உள்ளே 64 ஜிபி மெமரி கார்ட். கடையில் 'கேம் ஸ்டிக்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெட்டியில் '4கே' என்றும் 'பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கேம்கள்' என்றும் கொட்டை எழுத்தில் அடித்திருக்கிறது. செய்த கம்பனியின் பெயர் மட்டும் பெட்டியின் ஆறு பக்கத்திலும் இல்லை.

நான் வாங்கியது கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி ஏ9 வீதியோடு இருக்கும் ஒரு போன் கடையில். போன் கவர், நுளம்பு அடிக்கும் பற், சார்ஜ் லைட், தொங்கவிட்ட ஹெட்செட்டுகள், இவற்றுக்கு நடுவில் இதையும் அடுக்கி வைத்திருந்தார்கள். கடைப் பெடியனுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. "அக்கா, இது உங்கட காலத்துச் சாமான். நைன்டீஸ் கிட்ஸ் எல்லாரும் எடுத்துக்கொண்டு போயினம்" என்றான். 'உங்கட காலம்' என்றது கொஞ்சம் சுட்டது. விலை 8,500 ரூபா. ஐந்நூறைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன், அசையவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பென் டிரைவ் நிறையத் தமிழ்க் கார்ட்டூன் ஏற்றித் தருகிறேன், பென்னுக்கு மட்டும் காசு தாருங்கோ என்றான். சரி என்றேன். அதனால் இது இரண்டு சாமானுக்கும் சேர்த்து எழுதும் மதிப்பீடு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே இருக்கும் கேம்கள் நின்டென்டோ, கொனாமி, நம்கோ என்று பெயர்போன ஜப்பான் கம்பனிகளின் சொத்து. இந்தக் குச்சியைச் செய்தவர் அவர்கள் ஒருவரிடமும் அனுமதி கேட்டிருப்பார் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நானும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் விளையாடுகிறேன்.

நான் 1991 இல் பிறந்தவள். ஆண்டுக் கணக்கில் நைன்டீஸ் கிட்தான். ஆனால் பேஸ்புக்கில் அந்தப் பெயரில் சுற்றும் படங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் எனக்குப் பழக்கமில்லாத சாமான்கள். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து பார்த்த கார்ட்டூன், ஞாயிறு காலை நிகழ்ச்சி, தெருமுனைக் கேம் கடை, எல்லாம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் சிறுவயது. வன்னியில் தொண்ணூறுகள் வேறு மாதிரி. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் ரோர்ச் பற்றறிகூட உள்ளே வராது. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார், டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் போகும், நாங்கள் சுற்றி இருந்து பாட்டுக் கேட்போம். 1996 இல் கிளிநொச்சி இராணுவத்திடம் பிடிபட, எங்கள் ஊர் வட்டக்கச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் போனோம். ரிவி என்பது யாராவது ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டால் காண்பது. அதுவும் ஊரே கூடி நிற்கும், எனக்கு முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குத் தொண்ணூறுகள் 2002 இல்தான் வந்தன. சமாதான ஒப்பந்தம் வந்து, ஏ9 பாதை திறந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடியால் சாமான்கள் உள்ளே வரத் தொடங்கிய பிறகு. ஆகவே பெடியன் சொன்ன 'உங்கட காலத்துச் சாமான்' என்பதைத்தான் நான் சோதித்துப் பார்த்தேன். இந்தக் குச்சிக்குள்ளும் அந்தப் பென்னுக்குள்ளும் என்னுடைய சிறுவயது எவ்வளவு இருக்கிறது? படம் தெளிவு, சத்தம் தெளிவு எல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் வீட்டுக்கு ரிவி கேமைக் கொண்டுவந்தவர் கொழும்பில் இருந்த பெரியமாமா. வெள்ளையும் சிவப்புமாக ஒரு பெட்டி, வயர் வைத்த இரண்டு கொன்ட்ரோலர், ஒரு பிளாஸ்ரிக் துவக்கு, மஞ்சள் கசட் ஒன்று. நின்டென்டோ 1983 இல் ஜப்பானில் விட்ட பெமிகொம் பெட்டியைப் பார்த்து யாரோ அச்சடித்த பிரதி அது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். கசட்டின் மேல் ஒன்பதுகளை வரிசையாக அடித்து 'இன் 1' என்று போட்டிருந்தார்கள். உள்ளே ஒரே கேமை இரண்டாம் கட்டத்தில் தொடங்கவிட்டு அதற்கு ஒரு பெயர், மூன்றாம் கட்டத்தில் தொடங்கவிட்டு இன்னொரு பெயர். ஆகவே குச்சிப் பெட்டியில் 'பத்தாயிரம்' என்று கண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. பரம்பரைப் பொய்.

விளையாடியது 12 வோல்ட் கறுப்பு வெள்ளை ரிவியில். கரண்ட் இல்லை, கார் பற்றறிதான். டவுனில் சார்ஜ் போடக் கொடுத்துவிட்டு அடுத்தநாள் போய் சைக்கிள் கரியரில் கட்டி எடுத்துவர வேண்டும். பற்றறி இறங்க இறங்கப் படம் நாலு பக்கத்தாலும் உள்ளே சுருங்கும். ஓரங்களில் கறுப்பு ஏறும், மரியோ கடைசியில் நாலு விரல் அகலத்துக்குள் வந்துவிடுவான். அந்த அளவிலும் விடமாட்டோம், ரிவிக்கு இன்னும் கிட்டப் போய் இருப்போம். அப்பா வந்து "போதும், இரவைக்குத் தமிழோசை கேக்க வேணும்" என்று வயரைக் கழற்றும்வரை. அதே பற்றறியில்தான் பிபிசி தமிழோசை கேட்கும் ரேடியோவும்.

கறுப்பு வெள்ளை என்பதால் மரியோவின் தொப்பி சிவப்பு என்பது எனக்கு நெடுங்காலம் தெரியாது. சாம்பல் தொப்பிக்காரன், அவ்வளவுதான். ஆனால் அந்த ரிவியில் வேறொன்று தெரிந்தது. மேலே மிதக்கும் முகிலும் கீழே நிற்கும் பற்றையும் ஒன்று. அண்ணைதான் முதலில் கண்டுபிடித்தார். நான் நம்பவில்லை. கண்ணாடியில் விரலை வைத்து முகிலின் மேடுகளை எண்ணிக் காட்டினார், பிறகு பற்றையின் மேடுகளை எண்ணிக் காட்டினார். ஒரே மேடு, ஒரே வளைவு. படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் இது உண்மை என்று வாசித்தேன். 1985 இல் வந்த சுப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். அதில் படங்களுக்கென்று ஒதுக்கியது 8. முகிலுக்கும் பற்றைக்கும் தனித்தனிப் படம் வைக்க இடம் இல்லாமல், முகிலையே எடுத்துப் பச்சை பூசிப் பற்றையாக நிறுத்திவிட்டார்கள். கலர் ரிவியில் விளையாடியவர்கள் பலருக்கு இது தெரிய இன்டர்நெட் வரவேண்டி இருந்தது. எங்களுக்கு வறுமை காட்டித் தந்துவிட்டது. இப்போது ஐசிடி பாடத்தில் பைட், கிலோபைட் வரும்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். காலையில் வட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மோர்னிங் படம், 32 கட்டமும் பாட்டும் சேர்ந்த முழு மரியோவைவிடப் பெரிது என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை.

2008 கடைசியில் சண்டை நெருங்கி, வட்டக்கச்சியை விட்டுத் திரும்பவும் வெளிக்கிட்டபோது ரிவியும் கேமும் வீட்டிலேயே நின்றன. திரும்பி வந்தபோது வீட்டுக்கே கூரை இல்லை. அந்தப் பேச்சு இத்தோடு.

இனிக் குச்சி. செருகியதும் பாட்டுடன் மெனு வருகிறது. மரியோவைத் தேடிப் போட்டேன். நீல வானம், சிவப்புத் தொப்பி, எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஓடவிட்டால் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். திரும்பவும் போட்டேன், திரும்பவும் விழுந்தான். விரலுக்குப் பழைய கணக்கு நினைவிருக்கிறது, ஆனால் அவன் அதற்கு முந்திப் பள்ளத்தடியில் வந்து நிற்கிறான். பாட்டும் அவசரப்பட்டது. வயதாகிவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது. பிறகுதான் பொறி தட்டியது.

எங்கள் நாட்டு ரிவி 'பால்' முறை. செக்கனுக்கு 50 தடவை படம் புதுப்பிக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. அந்தக்கால கேம்கள் ஒரு படத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் எழுதப்பட்டவை. 60 க்கு எழுதிய கேமை 50 இல் ஓடும் பெட்டியில் போட்டால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், பாட்டும் இழுபடும். நாங்கள் பழகிய மரியோ அந்த மெதுவான மரியோ. குச்சிக்குள் இருப்பது 60 இல் ஓடும் மரியோ, அதாவது ஜப்பான் பிள்ளையின் மரியோ. அதுதான் அசல் என்பது சரி. எனக்கு அது அந்நியம் என்பதும் சரி. 50 க்கு மாற்ற மெனுவில் எங்கும் வழியில்லை. இதற்காக நான் ஒரு புள்ளி குறைக்கிறேன். நியாயம் இல்லைத்தான், ஆனால் மதிப்பீடு என்னுடையது.

ஆனால் மற்ற இரண்டைச் சரிப்படுத்தலாம். முதலாவது, குச்சி படத்தைப் பக்கவாட்டில் இழுத்து அகல ரிவி முழுக்கப் பரப்புகிறது, மரியோ குண்டனாகிவிடுகிறான். ரிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 ஆக்குங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், ஆள் பழைய உடம்புக்கு வருவான். இரண்டாவது, வன்னிக்காரருக்கு மட்டும் சொல்வது: ரிவியின் படச் செற்றிங்கில் 'கலர்' என்று இருப்பதைப் பூச்சியத்துக்கு இறக்கிப் பாருங்கள். நான் இறக்கினேன். முகிலும் பற்றையும் திரும்ப ஒன்றாகிவிட்டன. என் மகன் அறைக்குள் இருந்து ஓடிவந்து, "அம்மா, ரிவி பழுதாப் போச்சு" என்று கத்தினான்.

அண்ணை இப்போது வெட்டு மெஷின் வைத்து ஓட்டுகிறார். அறுவடைக் காலத்தில் ஆளைப் பிடிக்க முடியாது, மற்ற நேரம் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். குச்சியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கொன்ட்ரா இருக்கோ?" இருக்கிறது. ஐந்தாறு பெயரில் இருக்கிறது.

கொன்ட்ராவைத் தெரியாதவர்களுக்கு: இரண்டு வீரர்கள், கையில் துவக்கு, வலப்பக்கம் ஓடிக்கொண்டே சுடவேண்டும், எது பட்டாலும் சாவு. கொனாமி 1987 இல் கேம் கடைகளுக்குச் செய்து, அடுத்த வருடம் வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் மூன்று உயிர்தான். அது போதாது என்பதற்காக உலகம் முழுவதும் பிள்ளைகள் மனப்பாடம் செய்த மந்திரம் ஒன்று உண்டு: மேல, மேல, கீழ, கீழ, இடம், வலம், இடம், வலம், பி, ஏ. முப்பது உயிர் கிடைக்கும். இந்த மந்திரத்தை முதலில் வைத்தவர் கொனாமியில் வேலை செய்த கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986 இல், வேறொரு கேமில். தான் செய்யும் கேமைத் தானே சோதித்துப் பார்க்கக் கஷ்டமாக இருந்ததால் குறுக்குவழி வைத்தாராம். அது ஜப்பானில் இருந்து வட்டக்கச்சிக்கு எப்படி வந்தது என்று கேட்டால், முரசுமோட்டையில் இருந்து வந்த ஒரு பெடியன் அண்ணைக்குச் சொன்னான். அவனுக்கு யார் சொன்னார்களோ.

குச்சியில் மந்திரம் வேலை செய்கிறது. ஆனால் கொன்ட்ரோலரில் ஏ, பி என்று எழுத்து இல்லை. முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் குறி. எது ஏ, எது பி என்பது கேமுக்குக் கேம் மாறுகிறது, கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. மாற்றி மாற்றி அமத்திப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அண்ணை பிடித்துவிட்டார். முப்பது உயிர் விழுந்ததும் கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் கட்டம் நீர்வீழ்ச்சி. வலப்பக்கம் ஓடுவதை விட்டு மேலே ஏற வேண்டும், பாறைக்குப் பாறை தாவி. முன்னால் ஏறுபவரோடு படமும் மேலே ஏறும். பின்னால் நிற்பவர் படத்துக்குக் கீழே போனால் சாவு, எதிரி தேவையில்லை. சிறுவயதில் அந்தக் கட்டத்தில் என்னைக் கொன்றதில் பெரும்பங்கு அண்ணைக்கு. அவர் தாவுவார், என் காலடிப் பாறை திரைக்கு வெளியே போகும், நான் போய்விடுவேன்.

"அண்ணை நில்லுங்கோ, நான் கீழ நிக்கிறன்."

"கெதியா வாவன்."

"நில்லுங்கோ எண்டுறன்!"

தாவினார். செத்தேன். நாற்பதை நெருங்கும் மனிதர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், கண்ணைத் திரையில் இருந்து எடுக்கவே இல்லை. "உனக்கு இன்னும் இருபது உயிர் கிடக்கு, ஏன் கத்துறாய்?" என்றார். குச்சிக்குள் என் சிறுவயது எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் முழுப் புள்ளி.

டாங்கி கேம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. நம்கோவின் 'பற்றில் சிற்றி', 1985. செங்கல் மதிலுக்குள் ஒரு கழுகு, அதை எதிரி டாங்கிகளிடம் இருந்து காக்க வேண்டும். 35 கட்டம். இருவர் சேர்ந்து விளையாடலாம், தவறிக் கூட்டாளியைச் சுட்டால் அவர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். ஆனையிறவில் 1991 சண்டையில் எரிந்த கவச புல்டோசர் துருப்பிடித்து ரோட்டோரம் நிற்கும். அதைத் தாண்டிப் பஸ்ஸில் போய்விட்டு வந்து வீட்டில் இந்த டாங்கிகளைச் சுட்டுக்கொண்டிருப்போம். ஒன்றோடு ஒன்றை முடிச்சுப்போட எங்களுக்குத் தோன்றியதில்லை. மகனோடு விளையாடும்போது இப்போதுதான் தோன்றுகிறது, அவனிடம் சொல்லவில்லை. அவன் மதில்களை நாமே கட்டும் பகுதியைக் கண்டுபிடித்து, கழுகைச் சுற்றி இரும்பு மதில் போட்டு அடைத்துவிட்டான். எதிரியால் நெருங்க முடியாது.

தாராச் சுடும் கேம் பட்டியலில் இருக்கிறது, துவக்குத்தான் இல்லை. தாராக்கள் பறந்துபோகும், நாய் எழுந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரிக்கும், திரும்பத் திரும்ப அதுதான். பழைய துவக்கு யாரிடமாவது இருந்தாலும் இந்தக் காலத்துத் தட்டை ரிவியில் வேலை செய்யாது. துவக்கின் வாய்க்குள் வெளிச்சத்தை உணரும் ஒரு கண் உண்டு. விசையை அமத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, தாரா நிற்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் விழும். கண் அந்த வெள்ளையை அந்தக் கணத்திலேயே காண வேண்டும். குழாய் ரிவியில் நேரம் பிசகாது. தட்டை ரிவி படத்தைக் கொஞ்சம் பிந்திக் காட்டும், அதற்குள் காலம் கடந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டே பட்டியலில் போட்டு எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்கள்.

சர்க்கஸ் சார்லி, ரோட் பைட்டர், எக்ஸைட் பைக், பொம்பர்மேன் எல்லாம் இருக்கின்றன, நன்றாக ஓடுகின்றன. பழம் பொறுக்கிக்கொண்டு ஓடும் 'அட்வென்ச்சர் ஐலண்ட்' என் மகனுக்குப் பிடித்துவிட்டது. பிளேஸ்டேஷன் கேம்கள் சிலவும் உண்டு, இழுத்து இழுத்து ஓடும், அதை நம்பி வாங்க வேண்டாம். மிச்சம் இருக்கும் ஆயிரக்கணக்கானவற்றில் பாதி சீனத்திலும் ஜப்பானிலும், மீதியில் பாதி ஒரே கேமின் வெவ்வேறு வேஷம். பிடித்ததைத் தனியாகச் சேர்த்துவைக்க மெனுவில் இடம் இருக்கிறது. முதல்நாளே அதைச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் தேடியே களைத்துவிடுவீர்கள்.

குறைகள். '4கே' என்பது வெறும் அச்சு. பழைய கேமின் படம் அகலத்தில் 256 புள்ளி, உயரத்தில் 240. அதை எந்தப் பெரிய ரிவியில் இழுத்தாலும் புள்ளி பெரிதாகுமே தவிர, எண்ணிக்கை கூடாது. குச்சிக்கான கரண்டை ரிவியின் யூஎஸ்பியில் இருந்தே எடுக்கலாம் என்று படம் போட்டிருக்கிறார்கள். எங்கள் ரிவியில் அது போதவில்லை, பாதியில் நின்று நின்று திரும்பத் தொடங்கியது. போன் சார்ஜரில் கொடுத்த பிறகு பிரச்சினை இல்லை. ஆனால் குச்சி சூடேறும், வன்னி வெயிலில் மத்தியானம் விளையாடினால் தொட முடியாது. பொத்தானை அமத்துவதற்கும் ஆள் தாவுவதற்கும் இடையில் ஒரு சிறு தாமதம் தெரியும். ரிவியில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள், பெரும்பகுதி போய்விடும். கொன்ட்ரோலர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ட்ரிபிள் ஏ பற்றறி வேண்டும், பெட்டியில் அதுவும் வராது. சாதாரண பற்றறி போட்டுக் கட்டுப்படியாகாது, சார்ஜ் பண்ணும் வகையை வாங்கிவிடுங்கள். பற்றறிக்கு நான் இன்னும் காவல் இருக்கிறேன் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மெமரி கார்ட் மலிவானது. எங்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் வாங்கிய குச்சியில் கொஞ்ச நாளிலேயே கார்ட் செத்துவிட்டது, குச்சி இருக்கிறது, கேம் இல்லை. வாங்கிய அன்றே கார்டைக் கழற்றி, உள்ளே இருப்பதை அப்படியே கொம்பியூட்டரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

அப்புறம் பென். 'டொம் அன்ட் ஜெரி' என்ற போல்டரைத்தான் முதலில் திறந்தேன். 1940 இல் தொடங்கிய பூனையும் எலியும். பென்னுக்குள் என் சிறுவயதுக்கு உரியது என்று துணிந்து சொல்லக்கூடியது இது ஒன்றுதான். டெக் வாடகைக்கு எடுக்கும் இரவுகளில் பெரிய படம் தொடங்குமுன் பிள்ளைகளுக்கென்று ஒரு கசட் போடுவார்கள். கதைப்பதே இல்லை என்பதால் மொழி தேவையில்லை, கிழவிகளும் இருந்து பார்ப்பார்கள். எங்கள் அப்பாச்சி எப்போதும் பூனையின் பக்கம். "பாவம், அது தன்ர வேலையைத்தானே செய்யுது" என்பார். ஜெரி தப்பும் ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கோபம் வரும்.

மற்றக் கார்ட்டூன் என்று அந்த நாளில் கண்டது ரூபவாகினியில். கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 1990 இல் போனது. 174 மீற்றர் உயரத்தில் புதிது எழுந்தது 2011 இல். இடையில் எங்களுக்கு உயரமான மரம்தான் கோபுரம். அன்ரனாவை உச்சியில் கட்டி, ஒருவர் கீழே நின்று திருப்ப, ஒருவர் உள்ளே இருந்து "இப்ப சரி, இப்ப சரி, ஐயோ போட்டுது" என்று கத்த, தூறல் விழும் படத்தில் சிங்களத்தில் ஏதோ ஒரு மிருகம் கதைக்கும். ஒரு சொல் விளங்காது. கதையை நாங்களே வைத்துக்கொள்வோம். அவை எதுவும் இந்தப் பென்னில் இல்லை. பெடியனிடம் கேட்டேன், அப்படி ஒன்று இருந்ததே அவனுக்குத் தெரியாது.

இருப்பவை டோரா, ஜாக்கி சான், இன்னும் பல, எல்லாம் சுட்டி ரிவியில் தமிழில் வந்தவை. சுட்டி ரிவி தொடங்கியது 2007 இல். எனக்குப் பதினாறு வயது, ஏ9 பூட்டி அடுத்த வருடம். டோராவையும் புஜ்ஜியையும் நான் முதலில் கண்டது முகாமை விட்டு வெளியே வந்த பிறகு, வவுனியாவில் மாமி வீட்டில், மாமியின் சின்னவனோடு இருந்து. எனக்கு அப்போது பத்தொன்பது. அவன் பள்ளிக்கூடம் போன பிறகும் நான் ரிவியை நிற்பாட்டவில்லை. குள்ளநரியைத் திருட வேண்டாம் என்று டோரா எங்களையும் சேர்ந்து சொல்லச் சொல்வாள், நானும் சொன்னேன், வீட்டில் ஒருவரும் இல்லைத்தானே. ஜாக்கி சான் அதைவிட மோசம். பன்னிரண்டு மிருகம் பொறித்த பன்னிரண்டு மந்திரக் கல், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சக்தி: பாம்புக்கு மறையும் சக்தி, முயலுக்கு வேகம், குதிரைக்குக் காயம் ஆற்றும் சக்தி. அந்த வயதில் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தேன், இப்போதும் சொல்வேன். எது கிடைத்தால் எடுப்பேன் என்று யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆகவே பெடியனின் கணக்கில் அது என் சிறுவயது இல்லை. பிந்தி வந்தாலும் வந்ததை நான் சேர்த்துக்கொண்டேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

பென்னின் தரம் சுமார். பெரும்பாலானவை ரிவியில் இருந்து பதிந்தவை, மூலையில் சனல் சின்னம் நிற்கும், சில இடங்களில் விளம்பரத்தின் வாலும் ஒட்டியிருக்கும். பாகங்கள் வரிசையில் இல்லை. ஒரு கதையின் முதல் பாதி இருக்கும், மறுபாதியைத் தேடினால் இராது. முக்கியமாக, பிள்ளையின் கையில் கொடுக்குமுன் எல்லாப் போல்டரையும் திறந்து பாருங்கள். எனக்குத் தந்ததில் கார்ட்டூன்களுக்கு நடுவே ஒரு பேய்ப் படம் முழுசாகக் கிடந்தது. சொன்னபோது பெடியன் சிரித்துவிட்டு, "அது கொப்பி பண்ணேக்க மாறிப் போயிட்டுது அக்கா" என்றான்.

புள்ளி என்றால் குச்சிக்கு ஐந்துக்கு மூன்றரை. வீட்டில் கூட விளையாட ஓர் ஆள் இருந்தால் நாலு. தனியாக இருந்து விளையாடுவதற்கு என்றால் வாங்க வேண்டாம், இந்தக் கேம்கள் போனிலேயே ஓடும், 8,500 ரூபா மிச்சம். பென்னுக்கு இரண்டரை, அதில் ஒன்று பூனைக்கு.

கடைக்கும் ஒரு சொல். இரண்டாவது கொன்ட்ரோலரின் கீழ்ப் பொத்தான் ஒரு கிழமைக்குள் இறுகிவிட்டது. கொண்டுபோய்க் காட்டினேன், ஒரு கதையும் இல்லாமல் இன்னொரு பெட்டியை உடைத்து மாற்றித் தந்தான். பில் வைத்திருந்தேன் என்பதால். நீங்கள் வாங்கும்போது பில்லைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் எழுதுவான், அதிலும் திகதி போடச் சொல்ல வேண்டும்.